ஜன்னல் மாற்றினோம், சுவர் ஊறுகிறது: கேள்வி பதில்

பழைய தேக்கு ஜன்னலைக் கழற்றிவிட்டு யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டியவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். ஐப்பசி மழை பிடித்தால் இப்படித்தான், பங்குனியில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்! தச்சு வேலையில் ஆரம்பித்து, ஜன்னல் பொருத்தும் வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர்: அண்ணா, ஆறு ஸ்லைடிங் ஜன்னல் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. மழை பெய்தால் ஜன்னலுக்குக் கீழே உட்பக்கச் சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் உப்புகிறது. பொருத்தியவர் இரண்டு தடவை வந்து வெளியே சிலிகான் அடித்தார். இப்போது முன்னைவிட மோசம்.

மோசமானதற்குக் காரணம் அந்த சிலிகானாகவே இருக்கலாம். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் ட்ராக்கில் மழைத்தண்ணீர் இறங்குவது குறையில்லை, அதன் அமைப்பே அப்படித்தான். இறங்கிய தண்ணீர் சட்டத்தின் வெளிமுகத்தில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். சிலிகான் அடிக்கிறேன் என்று வந்தவர் அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சொம்புத் தண்ணீரை ட்ராக்கில் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் வெளியே வடிந்தால் நல்லது. தேங்கி நின்றால் துளை அடைத்திருக்கிறது, குத்தித் திறந்துவிடலாம். தண்ணீர் குறைகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால்தான் தலைவலி. ட்ராக்கின் அடியில் துளையிட்டு, சுவருக்குள் திருகாணி இறக்கியிருப்பார்கள். அந்தத் துளையை மூடாமல் விட்டால் ட்ராக்கின் தண்ணீர் நேராகச் செங்கலுக்குள் போகும். உங்கள் சுவர் ஊறும் இடத்தைப் பார்த்தால் என் சந்தேகம் இதன் மேல்தான். ட்ராக்கைக் காயவைத்து, திருகாணித் தலைகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

அப்புறம் ஜன்னல் திட்டில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சரிவு இருக்க வேண்டும். பழைய சட்டத்தைப் பெயர்த்த பிறகு கொத்தனார் அவசரத்தில் பூசும்போது திட்டு மட்டமாகவோ உள்வாட்டமாகவோ போய்விடும். அதற்கு எத்தனை குழாய் சிலிகான் அடித்தாலும் பயன் இல்லை, திட்டைக் கொத்திவிட்டுத் திரும்பப் பூச வேண்டியதுதான்.

அதே நண்பர்: இன்னொரு மழை வரும்வரை காத்திருக்காமல் சோதிக்க முடியுமா?

தாராளமாக. தோட்டக் குழாயைப் பிடித்துக் கீழிருந்து மேலே போங்கள். முதலில் திட்டில் மட்டும் பத்து நிமிடம், பிறகு பக்கவாட்டு இணைப்புகள், கடைசியாக மேல் விளிம்பும் சன்ஷேடும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். எடுத்த எடுப்பில் மேலிருந்து பீய்ச்சினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எந்த வழியாக வந்தது என்றே தெரியாது.

சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் தண்ணீர் அதில் நுழைந்து ஜன்னல் ஓரத்தில் எட்டிப்பார்க்கும். அது ஜன்னல்காரர் தப்பு அல்ல. அவரைத் திட்டுவதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள்.

திருவான்மியூர் வாசகி: எந்த சிலிகான் நல்லது? சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஃபோம் அடித்தால் போதும் என்கிறார்.

போதாது அம்மா. ஃபோம் இடைவெளியை நிரப்பத்தான், மழையைத் தடுக்க அல்ல. வெயில் பட்டால் சில மாதங்களில் பழுத்து, பொடியாக உதிரும். வெளிப்பக்கம் அதை மூடியே ஆக வேண்டும். ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் இடைவெளி சரியான அளவு. விரல் நுழைகிற அளவென்றால் முதலில் கலவையால் குறைத்துவிட்டு, மிச்ச இடைவெளியில் ஃபோம் கயிறு திணித்து, அதன் மேல் சிலிகான். புளித்த காடி வாடை அடிக்கிற மலிவு சிலிகான் சிமெண்டில் நன்றாக ஒட்டாது. நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். கடலோரம் என்பதால் திருகாணியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகவே இருக்கட்டும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர்: தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புக் கட்டு. போன மாதம் கூடத்து ஜன்னலை மாற்றினோம். இப்போது ஜன்னலின் மேல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. ஜன்னல் கதவும் இறுகிவிட்டது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சரியாகுமா?

ஐயா, தயவுசெய்து பட்டி பார்க்காதீர்கள். இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான்.

இப்போது கட்டும் வீடுகளில் ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் இருக்கும், சுவரின் பாரம் அதில் இறங்கும். ஜன்னல் சட்டம் சும்மா நிற்கும். அந்தக் கால வீடுகளில் செங்கல் வளைவோ மரக்கட்டையோ இருக்கும். சில இடங்களில் கனமான தேக்கு நிலையே வருடக்கணக்கில் பாரத்தை வாங்கிப் பழகியிருக்கும். அதை உருவிவிட்டு உள்கூடான பிளாஸ்டிக் சட்டத்தை வைத்தால், உள்ளே இரும்புப் பட்டை இருந்தாலும் அது தாங்காது. மேல் சட்டம் தொய்வதால்தான் கதவு இறுகுகிறது.

இன்றே கட்டட அமைப்புப் பொறியாளர் ஒருவரை அழையுங்கள். அவர் வரும்வரை விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி ஓடினால் சுவர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூடத்தில், அந்தச் சுவரோரம் யாரும் படுக்க வேண்டாம். முட்டுக் கொடுத்துவிட்டு லிண்டல் செருகுவது செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அதைப் பொறியாளர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் மேலே என்ன இருக்கிறது என்று பூச்சைத் தட்டிப் பார்க்காமல் நானே நிலையை உருவியிருக்கிறேன். நாலு வரிசைச் செங்கல் என் தோளில் விழுந்தது. அதிலிருந்து தட்டிப் பார்க்காமல் கடப்பாரையைத் தொடுவதில்லை.

ஒரு சகோதரர்: பொருத்தியவர் போனையே எடுப்பதில்லை. வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிடட்டுமா?

முதலில் சாட்சியைச் சேருங்கள். குழாய்ச் சோதனையை வீடியோ எடுங்கள், ஊறிய சுவர், கெட்டுப்போன அலமாரி எல்லாவற்றையும் படம் எடுங்கள். வேறொருவரிடம் பழுது என்ன, செலவு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். இவை இல்லாமல் சரிசெய்துவிட்டால் என்ன தப்பு இருந்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் ஒரு தடவை பேசிப் பாருங்கள். பில் கேட்டு வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது. வரிக்குப் பயந்து பில் வேண்டாம் என்றவர்கள் பாடு கஷ்டம்தான்.

சிறுசேரி அடுக்குமாடிவாசி: பில்டர் போட்டுக் கொடுத்த ஜன்னலே ஒழுகினால்? சாவி வாங்கி மூன்று வருடம் ஆகிறது.

உங்கள் நிலை பரவாயில்லை. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வேலைத்தரக் குறையைச் சொன்னால், பில்டர் முப்பது நாளில் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

அண்ணா நகர்: ஏசி போட்ட அறையில் விடியற்காலை கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிகிறது. பொருத்தியதில் கோளாறா?

இல்லை. குளிர்ந்த சொம்பின் மேல் வியர்ப்பது போலத்தான். இரட்டைக் கண்ணாடியாக இருந்து இரண்டுக்கும் நடுவே பனி தங்கினால் மட்டும், அடைப்பு விட்டுப்போயிருக்கிறது, கண்ணாடியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, தாம்பரம்: அடுத்த வாரம்தான் ஜன்னல் வருகிறது. பணத்தை எப்படிக் கொடுப்பது?

பத்து சதவீதத்தை முதல் கனமழைவரை நிறுத்தி வைப்பதாக ஆர்டர் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சட்டத்தின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தால், ஒரு கோடைக்குப் பிறகு நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டும்.