ஸ்லோட்டன் பிறப்புப் பதிவு ஏன் கிடைக்கவில்லை?

வணக்கம். 1908-ல் "ஸ்லோட்டன்" ஊராட்சியில் பிறந்த உங்கள் கொள்ளுப்பாட்டியின் பதிவு எங்கு தேடியும் அகப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இதுவரை தேடியது நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்திலுள்ள ஸ்லோட்டன். சான்றிதழில் வடக்கு ஹாலந்து மாகாணம் என்று இருப்பதால் உங்களுக்கு வேண்டியது ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே இருந்த இன்னொரு ஸ்லோட்டன். பெயர்தான் ஒன்று, ஊர் வேறு.

அந்தக் கிராமப்புற ஊராட்சி 1921 ஜனவரி 1-ல் ஆம்ஸ்டர்டாமோடு இணைக்கப்பட்டு மறைந்தது. ஸ்லோட்டர்டைக், ஓஸ்டோர்ப் ஆகியவையும் அதற்குள்தான் இருந்தன. ஸ்லோட்டர்டைக்கில் பிறந்தவர் பதிவிலும் "ஸ்லோட்டன்" என்றே இருக்கும். அதனால் ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். பதிவேடு இரட்டைப் பிரதியாக எழுதப்பட்டது. ஒன்று சிதைந்திருந்தால் மற்றதை ஹார்லெமிலுள்ள மாகாணக் காப்பகத்தில் கேளுங்கள்.

முதலில் 1903–1912 பத்தாண்டு அட்டவணையை (பதிவுகளின் பெயர்வரிசைப் பட்டியல்) திறந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஒவ்வோர் ஆண்டும் 1-லிருந்து தொடங்கும், ஆகவே ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பலர் சறுக்குவது பெயர் வரிசையில்: "வான் டெர் மேர்" என்பதை, "வான் டெர்" என்ற முன்னொட்டை விட்டு, "மேர்" என்ற இடத்தில் பாருங்கள்.

பிறப்புப் பதிவு 100 ஆண்டுக்குப் பின் பொதுவில் வந்துவிடும்; 1908-க்குத் தடையே இல்லை. திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50.