கடைக்குப் போன அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில் கணவருடனும் மூன்று வயது மகனுடனும் வசிக்கிறேன். இப்போது எனக்கு 27 வாரம். மகன் சிசேரியனில் பிறந்தவன். இம்முறை நஞ்சு (நஞ்சுக்கொடி) கருப்பை வாயை முழுவதும் மூடியிருப்பதாக 22ஆம் வார ஸ்கேனில் கூறினார்கள். சென்ற மாதம் ஒரு நாள் அதிகாலையில் வலி எதுவுமின்றி இரத்தம் போயிற்று. ஐந்து நாட்கள் மருத்துவமனையில் இருந்தேன். மகன் உறங்கும்போதே புறப்பட்டுவிட்டதால் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவன் என்னிடம் வராமல் மாமியாரின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இப்போது இரவில் நான்கைந்து முறை எழுந்து நான் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்க்கிறான். பகலில் கடிக்கிறான்.

கணவருக்குப் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மாமியார் சுங்கை பட்டாணியிலிருந்து வந்து உதவுகிறார். நல்லவர்தான். ஆனால் நான்காம் மாதம் வரை மகனை இடுப்பில் தூக்கிச் சுமந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தினமும் சொல்கிறார். ரப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் ஒன்பதாம் மாதம் வரை பால்மரம் வெட்டினார்கள் (பால் எடுக்கப் பட்டையைச் சீவினார்கள்) என்றும் அவரே சொல்கிறார். டாக்டர் ‘ரெஸ்ட்’ எடுக்கச் சொன்னார். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் குமாஸ்தா. இப்போது சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன். மகனைத் தூக்கினால் வயிற்றில் இருப்பதைக் கொல்கிறேனோ என்று பயம். தூக்காவிட்டால் இவனைக் கைவிடுகிறேனோ என்று வேதனை. மறுபடியும் இரத்தம் போனால் அவனிடம் என்ன சொல்வது? மூன்று வயதில் புரியுமா? அடுத்த மாதம் மண்டபத்தில் வளைகாப்பு வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

இடுப்பில் தூக்கிய கதையை முதலில் முடித்துவிடுவோம். அது மனத்தில் இருக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் உங்கள் காதில் ஏறாது.

கருத்தரித்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரு கருப்பைச் சுவரில் எந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறதோ, அந்த இடத்தை ஒட்டியே நஞ்சு வளர்கிறது. அதாவது, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவதற்கு முன்பே அது எங்கே இருக்கும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது. முந்தைய சிசேரியன் தழும்பு, கூடிய வயது, பல பேறுகள், புகைபிடித்தல் போன்றவை அது கீழே அமைவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அன்னாசியும் பப்பாளியும்கூட இல்லை. உங்கள் மாமியாரிடம் இதை நீங்கள் சொன்னால் மருமகள் எதிர்த்துப் பேசுவதாக ஆகும். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் சென்று, தாதியின் வாயால் கேட்கச் செய்யுங்கள். நம் வீடுகளில் மிஸ்ஸி சொன்னால் அதற்குத் தனி மரியாதை உண்டு.

தோட்டத்துப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். ஒன்பதாம் மாதம் வரை மரம் வெட்டினார் என்பது உண்மை. அவருடைய தங்கை பிள்ளைப்பேற்றில் இரத்தம் நிற்காமல் லயத்து வீட்டிலேயே இறந்தார் என்பதும் உண்மை. முதலாவதை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டாவதைப் பாட்டி கேட்டால் மட்டுமே சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் உங்களுக்கு இல்லாத ஒன்று இருந்தது. மூத்த பிள்ளைகளை விட்டுச் செல்ல ஆயாக் கொட்டகை இருந்தது, பக்கத்து வீட்டில் கேட்காமலே சோறு ஊட்டுகிற ஒருத்தி இருந்தாள். இன்று மருத்துவம் அருகில் இருக்கிறது, கைகள்தாம் தொலைவில் இருக்கின்றன. நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிற நாம் அந்தக் கைகளை வாய்திறந்து கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் மகன். அவனைப் பற்றி எழுதுவதற்கு முன் என் மகளைப் பற்றி எழுத வேண்டும்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், நாங்கள் கோலாலம்பூரின் செந்தூலில் இருந்தபோது, இரண்டாம் பேறின் 31ஆம் வாரத்தில் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றேன். இரத்த அழுத்தம் 160/110 இருந்தது. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவரக்கூட விடாமல் கிளினிக்கிலிருந்தே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரிதான். அந்த அழுத்தம் வலிப்பில் போய் முடியக்கூடும். 34ஆம் வாரத்தில் அறுவைச் சிகிச்சை செய்து மகனை எடுக்கும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் நான் வீடு திரும்பவில்லை. நான்கு வயது மகளை வார்டுக்குள் விடவில்லை. அவள் அழக் கூடாது என்பதற்காக வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு பொய்யை முடிவுசெய்தார்கள்: ‘அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள்.’ யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் தொலைபேசியில் அதையே சொன்னேன்.

மூன்று வாரமும் அவள் மாலையில் இரும்புக் கதவருகே உட்கார்ந்து காத்திருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். நான் திரும்பிய பிறகு ஏறத்தாழ ஓர் ஆண்டு, தேங்காய்ப்பால் வாங்குவதற்காகப் பர்ஸை எடுத்தாலே அவள் வாந்தி எடுக்கும்வரை அழுவாள். கடை என்பது அம்மாவை விழுங்கும் இடம் என்று அவளுக்கு நாங்கள்தாம் கற்றுக்கொடுத்திருந்தோம். அந்த மூன்று வாரத்தில் என் இரத்த அழுத்தத்தை மருந்து பார்த்துக்கொண்டது. அந்தப் பொய்யைச் சரிசெய்ய ஒரு மருந்தும் இல்லை. ஒவ்வொரு முறை கடைக்குப் போய்த் திரும்பி வந்துதான் அதைக் கழுவ வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: படுத்திருக்கிற அம்மாவை ஒரு குழந்தை தாங்கிக்கொள்ளும். சொல்லாமல் மறைகிற அம்மாவைத் தாங்கிக்கொள்ள அதனால் முடியாது. உங்கள் மகன் கடிப்பதும் இரவில் தொட்டுப் பார்ப்பதும் அடம் அல்ல. மறுபடியும் எழுந்து பார்க்கும்போது நீங்கள் இல்லாமல் போய்விடக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்த வழியில் காவல் இருக்கிறான்.

மூன்று வயதில் நஞ்சும் கருப்பை வாயும் புரியாது. போவதும் வருவதும் நன்றாகவே புரியும். ‘அம்மா வயிற்றுக்குள்ளே ஒரு இடத்தில் இரத்தம் வருது. அது மறுபடி வந்தா அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவேன், டாக்டர் பார்ப்பார். அப்போ பாட்டி உன்கூடவே இருப்பாங்க. நீ தூங்கும்போது போக வேண்டி வந்தா உன்னை எழுப்பிச் சொல்லிட்டுத்தான் போவேன்’ என்று இன்றே, அவன் விளையாடிக்கொண்டிருக்கும் ஓர் அமைதியான நேரத்தில் சொல்லுங்கள். நாளையும் சொல்லுங்கள். நள்ளிரவில் எழுப்பினால் அழுவானே என்பீர்கள். அழட்டும், தெரிந்து அழுவது வேறு, காலையில் எழுந்து வெறும் பாயைப் பார்ப்பது வேறு. எழுப்ப முடியாத அளவுக்கு அவசரம் என்றால், விடிந்ததும் முதல் வார்த்தையாகப் பாட்டி உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதை அவரிடம் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘நாளைக்கு வந்துவிடுவேன்’ என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது, ஏனென்றால் அது உங்கள் கையில் இல்லை. ‘டாக்டர் சொன்னதும் வருவேன், தினமும் ராத்திரி நீ சாப்பிட்டதும் பேசுவேன்’ என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்று: ‘பாப்பாவால் அம்மா உன்னைத் தூக்க முடியாது’ என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். பிறக்குமுன்பே அந்தக் குழந்தை அவனுக்கு எதிரியாகிவிடும். டாக்டர் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றால் போதும். அந்தப் பழியைத் தாங்க டாக்டருக்குத் தோள் உண்டு. அவன் எதையோ செய்ததால் இரத்தம் வரவில்லை என்பதையும் அவன் கேட்காமலே சொல்லுங்கள். கடித்த பிறகு நீங்கள் மருத்துவமனைக்குப் போனால் தன் பல்தான் காரணம் என்று நினைக்கிற வயது அது.

‘ரெஸ்ட்’ என்ற சொல்லைப் போலத் தாய்மாரை வதைக்கிற சொல் வேறில்லை. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்கு என்ன பொருள்? அடுத்த முறை மருத்துவரிடம் கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள்: பதினான்கு கிலோ பிள்ளையைத் தூக்கலாமா, நான்கு மாடி ஏறலாமா, எவ்வளவு நேரம் நிற்கலாம், தாம்பத்தியம் கூடாதா என்று. கடைசிக் கேள்விக்குக் கூடாது என்றே பதில் வரும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம். நாள் முழுவதும் அசையாமல் படுத்திருப்பது நல்லது என்று மருத்துவம் இன்று சொல்வதில்லை, கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். தூக்க வேண்டாம் என்றார்கள் என்றால், தரையில் மெத்தை போட்டு நீங்கள் சாய்ந்து உட்காருங்கள். அவனே ஏறி மடிக்கு வரட்டும். அவனுக்குத் தேவை உங்கள் இடுப்பின் உயரம் அல்ல, உங்கள் உடம்பின் சூடு. என் மகள் பல மாதங்கள் என் முதுகோடு முதுகு ஒட்டித்தான் தூங்கினாள்.

மறுபடியும் இரத்தம் போகிற இரவுக்கு இப்போதே ஒத்திகை பார்த்துவிடுங்கள். சிறிதளவு என்றாலும், வலி இல்லை என்றாலும், காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. கணவர் தீவில் இருக்கும் நேரமானால், 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து அவர் வந்து உங்களை அழைத்துப்போகட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் 999ஐ அழையுங்கள். அவர் நேராக மருத்துவமனைக்கு வரட்டும். தொழிற்சாலைக்குள் கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வேலை செய்பவரானால், அவருடைய மேற்பார்வையாளரின் எண் உங்களிடமும் மாமியாரிடமும் இருக்க வேண்டும். கர்ப்பப் பதிவுப் புத்தகத்தைத் துணிப்பையோடு கதவருகே வையுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும், ஆபத்தின் அளவைக் காட்டும் வண்ணத்தையும், இரத்த வகையையும், முந்தைய சிசேரியனையும் பார்த்தாலே அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பாதி கதை புரிந்துவிடும். கீழ்மாடியிலோ எதிர்வீட்டிலோ ஒருவரிடம், ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் ஆம்புலன்ஸ் வரும்வரை என்கூட நில்லுங்கள்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். மலாய்க்காரரோ சீனரோ யாராயினும், குறிப்பாகக் கேட்டால் மறுப்பவர் அரிது.

சம்பளமில்லாத விடுப்பில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள்; ஆனால் அதைப் பிள்ளைப்பேற்றுக்கு 30 நாளுக்கு முன் தொடங்க முடியாது என்பதால் இப்போது அது உதவாது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கென ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தனியாக உண்டு. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு உடல்நிலை இருப்பதாக மருத்துவர் சான்றளித்தால், படுக்கையில் சேராமல் இருந்தாலும் அது அந்தக் கணக்கில் வரும். நீங்கள் உள்ளே இருந்த ஐந்து நாளுக்குச் சம்பளம் பிடித்திருந்தால் அதை முதலில் கேளுங்கள். மற்ற நாட்களுக்குச் சான்று தர முடியுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் கணவருக்குள்ள ஏழு நாள் தந்தையர் விடுப்பைப் பேற்றுக்கென்று வைத்துக்கொள்ளட்டும். ஆனால் குறைந்தது 30 நாளுக்கு முன் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். நஞ்சு மூடியிருந்தால் 36, 37ஆம் வாரத்திலேயே சிசேரியன் செய்வது வழக்கம் என்பதால், அவர் அடுத்த சில வாரங்களிலேயே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

32ஆம் வாரத்தை ஒட்டி மறுபடியும் ஸ்கேன் பார்ப்பார்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் தாழ்வாகத் தெரிகிற நஞ்சு கருப்பை வளர வளர மேலே விலகுவது பலருக்கு நடக்கிறது. முழுவதும் மூடியிருப்பதும் பழைய தழும்பும் சேர்ந்தால் அந்த வாய்ப்புக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் தழும்பில் நஞ்சு ஆழமாக ஊன்றியிருக்கிறதா என்று பார்க்கிறார்களா எனக் கேளுங்கள். அது முன்கூட்டியே தெரிந்தால்தான் போதிய இரத்தத்தோடும் அனுபவமுள்ள மருத்துவரோடும் தயாராக இருக்க முடியும். இடையில், தூக்கமே வராமல் பயம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தால் அதையும் ஒரு நோய்க்குறியாகக் கருதிக் கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

வளைகாப்புக்கு மண்டபம் வேண்டாம். படியும், நின்றுகொண்டே வரவேற்பதும், இரவு நெடுநேரமாவதும் இப்போது உங்களுக்கு ஆகாது. மாமியாரின் ஆசையையும் முறிக்க வேண்டாம். வீட்டிலேயே, உட்கார்ந்தபடி, ஏழெட்டுப் பெண்களோடு பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வளையல் பூட்டும்போது உங்கள் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று அவன் கையாலே பூட்டச் சொல்லுங்கள். தனக்கும் வேண்டும் என்று கேட்டான் என்றால் அவனுக்கும் இரண்டு போட்டுவிடுங்கள்.