தரையோடு கிடக்கும் பார்

கேள்வி: எக்செலில் மாத விற்பனைத் தொகையையும் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் ஒரே பார் சார்ட்டில் போட்டேன். எண்ணிக்கையின் பார் கண்ணுக்கே தெரியவில்லை. என்ன செய்ய?

பதில்: பார் இருக்கிறது. 5 லட்சத்துக்குப் பக்கத்தில் 300 நின்றால் தரையோடு தரையாகத்தான் கிடக்கும். சார்ட் மேல் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் சார்ட் டைப்' போய் 'காம்போ'வைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கைக்கு நேரே 'செகண்டரி ஆக்சிஸ்' கட்டத்தில் டிக் போட்டால், வலப்பக்கம் அதற்கென்று தனி அளவு வந்துவிடும். அப்புறம் அதை 'லைன்' ஆக மாற்றிவிடுங்கள். பாராகவே விட்டால் முதல் பாரின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மறைத்துவிடும். நடுவில் மதிப்பே இல்லாத வெற்று டேட்டா சீரிஸ்களைச் செருகி இரண்டையும் விலக்கி வைக்கலாம்தான். எனக்கு அந்த வித்தையில் பொறுமை இல்லை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு அச்சுகளையும் நம் இஷ்டத்துக்கு நீட்டலாம், சுருக்கலாம். அதனால் கோடு பாரைத் தாண்டுகிற இடத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் மீட்டிங்கில் எல்லோரும் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்! நானாக இருந்தால் இரண்டு தனி சார்ட் போட்டு, மாதங்கள் நேருக்கு நேர் வரும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பேன்.