வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கணினியில் எலெக்ட்ரிக் கிதார் ஒலிப்பதிவு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: வீட்டிலுள்ள கணினியில் எலெக்ட்ரிக் கிதாரைப் பதிவுசெய்வது. எழுதியவர்களில் பலர், மென்பொருளை மாற்றினால் குறை தீருமா என்று கேட்டிருக்கிறார்கள். கடிதங்களை ஒருசேர வைத்துப் படித்தபோது, குறை பெரும்பாலும் ஒலி கணினிக்குள் நுழைவதற்கு முன்பே நேர்ந்துவிடுவது தெரிந்தது. ஆகவே இங்குள்ள பதில்களும் தந்தியையும் கேபிளையும் சுவரிலுள்ள பிளக்கையும் முதலில் கவனிக்கின்றன.

கேள்வி: என் கிதாரை ஒரு சிறிய மாற்றுப் பின் மூலம் மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகிப் பதிவுசெய்கிறேன். கடையில் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) வாசித்துப் பார்த்தபோது பளிச்சென்று ஒலித்த கிதார், பதிவில் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல மங்கிக் கேட்கிறது. ஈக்வலைசரில் மேல் ஒலிகளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறுகிறது. நான் வாங்கிய கிதார் மட்டமானதா? (கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: உங்கள் கிதாரின்மேல் குற்றமில்லை. அதைக் கொண்டுபோய்ச் செருகிய இடம்தான் தவறு.

கிதாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, மயிரிழை போன்ற செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் மிக மெல்லிய மின்னழுத்தம் பிறக்கிறது. அந்தச் சுருளின் மின்தடை மட்டுமே பல ஆயிரம் ஓம் இருக்கும். அதோடு, ஒலியின் அதிர்வெண் கூடக்கூட அதன் மின்மறுப்பும், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையும், கூடிக்கொண்டே போகும். இவ்வளவு மெலிந்த ஊற்றிலிருந்து ஒலியைப் பெறும் கருவி ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காததாக இருக்க வேண்டும். அதனால்தான் கிதார் ஆம்ப்களின் உள்வாய் பொதுவாக 1 மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓம் மின்மறுப்புடன் அமைக்கப்படுகிறது. மடிக்கணினியின் மைக் துளையோ சில ஆயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். மெல்ல ஊறும் கிணற்றில் பெரிய மோட்டாரை வைத்து இறைத்தால் நீர்மட்டம் சரிவதுபோல, அங்கே சமிக்ஞை சரிந்துவிடுகிறது. மேல் அதிர்வெண்களுக்கு மின்மறுப்பு மிகுதி என்பதால் அவையே முதலில் தேய்கின்றன. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் கிதாரின் பளபளப்பு குடியிருக்கிறது. அது உள்ளே வருமுன்பே இழந்துபோனால், ஈக்வலைசர் அதை மீட்டுத் தராது. மிச்சமிருக்கும் ஒலியையும் அதனோடு இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும்.

தீர்வு, கிதாருக்கென்று தனி உள்வாய் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது கிதாரின் சமிக்ஞையைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் சிறு பெட்டியை, யு.எஸ்.பி. வழியே இணைப்பது. அதன் முகப்பில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த பொத்தான் இருக்கும். அதை அழுத்திய பிறகே செருக வேண்டும். ஒரே ஒரு கிதார் உள்வாய் இருந்தாலே உங்களுக்குப் போதும். எட்டு உள்வாய்கள் உள்ளதற்குப் பணம் செலவிட வேண்டாம். கேபிளையும் தேவைக்குமேல் நீளமாக வாங்காதீர்கள். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் கேபிளிலேயே உண்டு. பத்து மீட்டர் கேபிள் உங்கள் மேல் ஒலியை மறுபடியும் மங்கச் செய்யும். மேசை அருகில் அமர்ந்து வாசிப்பவருக்கு மூன்று மீட்டர் தாராளம்.

அளவு வைப்பதைப் பற்றி ஒரு சொல். பதிவை 24-பிட்டில் வையுங்கள். ஆறு தந்திகளையும் நீங்கள் வாசிக்கக்கூடிய வலிமை முழுவதும் கொண்டு மீட்டி, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி இன்டர்ஃபேஸின் குமிழைத் திருப்பிவையுங்கள். அளவுகோல் முழுவதும் சிவக்கும் வரை ஏற்றினால்தான் நல்ல பதிவு என்ற எண்ணம் நாடாக் காலத்து வழக்கம். ஒவ்வொரு 6 டெசிபெல்லுக்கும் ஏறத்தாழ ஒரு பிட் என்பது கணக்கு. 12 டெசிபெல் விட்டுவைத்தாலும் 22 பிட் மிஞ்சும், அது குறுந்தகட்டின் 16 பிட்டைவிட எவ்வளவோ மேல். உச்சியில் வெட்டுப்பட்ட அலையை மட்டும் பிறகு எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது.

கேள்வி: இன்டர்ஃபேஸ் வாங்கிவிட்டேன். ஆனாலும் நான் மீட்டியதற்கும் ஹெட்ஃபோனில் கேட்பதற்கும் இடையே தெளிவான தாமதம் இருக்கிறது; தாளத்தோடு சேர்ந்து வாசிக்கவே முடியவில்லை. பஃபரைக் குறைத்தால் படபடவென்று வெடிக்கிறது. புதுக் கணினிதான் வழியா? நான் பயன்படுத்துவது ப்ளூடூத் ஹெட்ஃபோன். (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் அந்த ப்ளூடூத் ஹெட்ஃபோனை எடுத்து வையுங்கள். பாட்டுக் கேட்க அது நல்லதுதான். ஆனால் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் பல நேரங்களில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கடந்துவிடும். வயருள்ள ஹெட்ஃபோனை இன்டர்ஃபேஸிலேயே செருகுங்கள். மடிக்கணினியின் துளையில் வேண்டாம்.

அடுத்தது பஃபர், அதாவது கணினி ஒலியைக் கையாளும் முன் சிறிது சிறிதாகச் சேர்த்துவைக்கும் தொகுதி. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுக்கும் பதிவில், 1,024 சாம்பிள் கொண்ட பஃபர் 21 மில்லிநொடியைத் தின்னும். உள்ளே வருவதற்கு ஒருமுறை, வெளியே போவதற்கு ஒருமுறை என்று கணக்கிட்டால் 40-ஐத் தாண்டிவிடும். அதையே 128 ஆக்கினால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடிதான், இன்டர்ஃபேஸும் டிரைவரும் எடுக்கும் சிறு நேரத்தைச் சேர்த்தாலும் 10-க்குள் அடங்கிவிடும். மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, ஒலி காற்றில் வந்து சேரவே 9 மில்லிநொடி ஆகிறது என்பதை நினைத்தால், இது விரலுக்குத் தெரியாத தாமதம் என்பது புரியும்.

128-இல் வெடிப்பது கணினி பழையது என்பதால் மட்டும் இருக்க வேண்டியதில்லை. விண்டோஸின் பொதுவான ஒலி வழியைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஆசியோ என்ற முறை, இடையிலுள்ள அடுக்குகளைத் தவிர்த்து மென்பொருளையும் இன்டர்ஃபேஸையும் நேராகப் பேசவைக்கிறது. இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்களே தரும் ஆசியோ டிரைவரை நிறுவி, ரீப்பர் போன்ற பதிவு மென்பொருளின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். மேக் கணினியில் இந்தக் கவலை இல்லை. வாசிக்கும்போது வைஃபையை அணைத்து, சார்ஜரோடு இணைந்திருக்கும் நேரத்தில் மின்சிக்கன அமைப்பையும் விலக்கிவிட்டால், ஐந்தாறு ஆண்டுப் பழைய கணினியும் பெரும்பாலும் தாங்கும். பதிவெல்லாம் முடிந்து கலவை வேலைக்கு வரும்போது பஃபரை மறுபடி 1,024-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அப்போது தாமதம் ஒரு பொருட்டல்ல.

கேள்வி: ‘உம்ம்’ என்ற முரளல் விடாமல் வருகிறது. சார்ஜரைக் கழற்றினால் பாதி குறைகிறது. மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று இருக்கிறது. பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் முரளல் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, அதைமட்டும் செய்யாதீர்கள். முரளல் போகலாம், ஆனால் ஆம்ப்புக்குள் ஏதாவது ஒரு வயர் உடலோடு ஒட்டினால், 230 வோல்ட் உங்கள் கிதாரின் தந்திக்கே வந்து சேரும், அந்தத் தந்தியின்மேல் உங்கள் இரு கைகளும் இருக்கும். முரளலோடு எத்தனை பதிவுகள் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த ஆபத்தோடு ஒரு பதிவுகூட வேண்டாம்.

முரளல் எங்கிருந்து வருகிறது என்று அறிய மூன்று சோதனைகள் உண்டு. கிதாரின் வால்யூம் குமிழைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் முரளல் குறையாமல் இருந்தால் அது கிதாருக்குப் பின்னால், கேபிளிலோ கணினியிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது. குமிழைத் திறந்துவைத்து, நாற்காலியோடு மெல்லச் சுழன்று பாருங்கள். ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்தால், பக்கத்திலுள்ள சார்ஜர், டியூப் லைட்டின் சோக், ஃபேன் ரெகுலேட்டர் ஆகியவற்றின் காந்தப் புலத்தைப் பிக்கப் வாங்குகிறது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பே. கூடினால் கிதாருக்குள் இருக்கும் இணைப்பை ஒருவர் திறந்து பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால், உங்கள் முரளலில் இரண்டு பங்கு இருக்கிறது. சார்ஜரோடு வரும் பங்குக்கும் விரலில் தெரியும் சுறுசுறுப்புக்கும் காரணம் ஒன்றே. சார்ஜருக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் வழியே கசியும் மின்சாரம் எர்த்தில் இறங்க வேண்டும். சார்ஜர் இரண்டு பின் கொண்டதாக இருந்தாலோ, சுவரிலுள்ள மூன்றாவது துளைக்கு எர்த் வயர் இல்லாமலிருந்தாலோ, அது மடிக்கணினியின் உடலிலும் யு.எஸ்.பி. வயரிலும் ஏறிக்கொள்கிறது. முன்பு நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில், மாதக்கணக்கில் கேபிளையும் இன்டர்ஃபேஸையும் மாற்றிப் பார்த்த பிறகு, எலெக்ட்ரீஷியன் வந்து சுவர்ப் பெட்டியைத் திறந்தார். மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருந்தது. அதன் பின்னால் வயரே இல்லை. நீங்களும் முதலில் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். அதுவரை, பதிவின்போது மட்டும் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். கணினி, இன்டர்ஃபேஸ், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதும் நல்லது. வெவ்வேறு அறைகளின் பிளக்குகளில் செருகும்போது எர்த்துக்கு எர்த் வேறுபாடு ஏற்பட்டு, அதுவே முரளலாகக் கேட்கும்.

எஞ்சிய பங்கு ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அதில் புகும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955-இல் இதற்கு மாற்றாக வடிவமைத்ததுதான் ஹம்பக்கர். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடுகிறது, வெளியிலிருந்து வரும் முரளல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. உங்களுடையது மூன்று பிக்கப் கிதார் என்று எழுதியிருக்கிறீர்கள். பல கிதார்களில் நடுப் பிக்கப் இவ்வாறு எதிராகச் சுற்றப்பட்டிருக்கும். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் மாற்றியை இரண்டாம் அல்லது நான்காம் நிலையில் வைத்துப் பாருங்கள், முரளல் சட்டென்று அடங்கினால் உங்களுடையதும் அவ்வகையே.

கேள்வி: கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் மென்பொருள் எதைப் போட்டாலும் ஈயும் குளவியும் பறப்பதுபோல எரிச்சலாக ஒலிக்கிறது. (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் ஆம்ப்பை மட்டும் போட்டு, ஸ்பீக்கரை விட்டுவிட்டீர்கள். கிதார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கூர்மையான மேல் ஒலிகளை அதுதான் இத்தனை காலமும் நமக்காக வடிகட்டி வந்திருக்கிறது. கணினியில் அந்த வேலையைச் செய்வது ஸ்பீக்கர் பெட்டியின் ‘ஐ.ஆர்.’ (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பு, அதாவது அந்தப் பெட்டி ஒலியை மாற்றும் விதத்தைப் பதிந்துவைத்த கோப்பு. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கி இலவசமாக வழங்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற செருகுநிரலில் (பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் துணை நிரலில்), ஆம்ப்பின் மாதிரியை ஒரு கட்டத்திலும் ஐ.ஆர். கோப்பை இன்னொரு கட்டத்திலும் ஏற்றலாம். சில மாதிரிகளில் ஸ்பீக்கரும் சேர்ந்தே பதிவாகியிருக்கும், அவற்றின்மேல் ஐ.ஆர். போட்டால் இரட்டிப்பாக வடிகட்டி ஒலி மந்தமாகிவிடும். டிஸ்டார்ஷனின் அளவையும் நீங்கள் நினைப்பதில் பாதியாகக் குறையுங்கள். செருகுநிரல் எதுவானாலும், கிதாரின் வெறும் ஒலியையே தடத்தில் பதிவுசெய்து வையுங்கள். ஆம்ப் பிடிக்காவிட்டால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம், வாசிப்பை மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு தடத்தை நகலெடுத்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தும் ஒலி விரியவில்லையே? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டும் ஒன்றேயான அலை என்பதால் காது அதை நடுவிலிருந்து வரும் ஒரே ஒலியாகத்தான் கேட்கும். அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்துப் பதிவுசெய்யுங்கள். உங்கள் விரல்கள் ஒவ்வொரு முறையும் செய்யும் சிறு வேறுபாடுகளே அந்த விரிவைத் தருகின்றன.

கேள்வி: நான் கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிதாரில் பயில்கிறேன். நீண்ட கமகங்களின் முடிவு பதிவில் வெட்டுப்பட்டுப் போகிறது. காதில் கேட்டபோது இருந்த அசைவு பதிவில் இல்லை. என்ன செய்வது? (சென்னையிலிருந்து ஒரு மாணவி)

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினிலும், ஆர். பிரசன்னா எலெக்ட்ரிக் கிதாரிலும் கமகங்களைக் கச்சேரி மேடையிலேயே நிலைநாட்டியவர்கள். கருவி ஏற்கும் என்பதில் ஐயமில்லை. பதிவு மென்பொருள்களில் வரும் ஆயத்த அமைப்புகள்தான் வேறு வகை இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

உங்கள் தடத்தில் ‘நாய்ஸ் கேட்’ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலான ராக் கிதார் அமைப்புகளில் அது தானாகவே சேர்ந்து வரும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும் ஒலி எல்லாம் இரைச்சல் என்று கருதி அது கதவை மூடிவிடுகிறது. ஒரே மீட்டில் தோடியின் காந்தாரத்தை அசைத்துக்கொண்டே போகும்போது, மீட்டின் வலிமை தேய்ந்த பிறகுதான் அசைவின் பெரும்பகுதி நிகழ்கிறது. கதவு மூடுவதும் அங்கேதான். அதை முற்றிலும் நீக்கிவிடுங்கள். அதன் பிறகு கேட்கும் இரைச்சலை, மேலே திருநெல்வேலி வாசகிக்குச் சொன்ன வழிகளால் வேரிலேயே குறைத்து, சொற்கட்டுகளுக்கு இடையிலுள்ள மௌனங்களை மட்டும் கையால் மெல்ல மங்கவைத்துச் சரிசெய்யுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஒரு ஆலாபனைக்கு அது தகும்.

தேயும் ஒலியைத் தாங்கிப்பிடிக்க, பெரிய ஒலிக்கும் சிறிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸர் உதவும். விகிதத்தை மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் வைத்து, அது வேலையைத் தொடங்கும் நேரத்தை 20 அல்லது 30 மில்லிநொடி தள்ளிவையுங்கள். அப்போது மீட்டின் முதல் தொடுகை நசுங்காமல் கடந்துபோகும், பின்னால் வரும் அசைவு உயர்ந்து கேட்கும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்து, டோன் குமிழைச் சற்றே குறைத்தால், விரல் தந்தியில் உரசும் ஓசை அடங்கும். கமகத்துக்கு மெல்லிய தந்திகள் எளிது என்றாலும், மிக மெல்லியவை அழுத்தத்துக்கே சுருதி விலகும். தம்புராவைத் தனித் தடத்தில் ஓடவிட்டு, கிதாரின் தடத்தை அதனோடு சேர்த்துக் கேட்டு, ஷட்ஜத்தில் வந்து நிற்கும் இடங்களை முதலில் சரிபாருங்கள். தனியே கேட்கும்போது மறைந்துகொள்ளும் விலகல், தம்புராவோடு சேர்ந்து கேட்கும்போது மறையாது.