வாசகர் கேள்வி – பதில்: சொந்தத் தோப்புக்கு வரும் மான் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அவனுடைய நண்பர் ஒருவருக்கு அங்கே இருநூறு ஏக்கர் மரக்காடு இருக்கிறது. அந்தக் காட்டில் முதிர்ந்த ஆண் மான்களை மட்டுமே சுடுகிறார்கள் என்றும், இளம் மானைச் சுட்டவரிடம் மற்றவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொல்கிறான். அங்கே நம் ஊர்ப் புள்ளிமான் மேய்வதாகப் படமும் அனுப்பியிருந்தான். எங்களுக்கும் ஊரை ஒட்டி முந்திரியும் தைலமரமுமாக இருபது ஏக்கர் உண்டு. கோடையில் மான்கள் வந்து கன்றுகளைக் கடித்துவிடுகின்றன. சொந்த நிலத்தில் நாமும் அவர்களைப் போலச் செய்யக்கூடாதா? எங்கள் வளவு வீட்டு முகப்பில் ஐயா காலத்து மான்தலை ஒன்று மாட்டியிருக்கிறது. மகன் அதைத் தன்னுடன் எடுத்துப் போக விரும்புகிறான். அதற்கு ஏதும் தடை உண்டா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: படத்தில் இருப்பது புள்ளிமானாகவே இருக்கலாம். 1930களில் புள்ளிமான்களை டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். வேலி தாண்டியவை பெருகி, இன்று அம்மாநிலத்தின் நடுவே உள்ள குன்றுப் பகுதிகளில் மந்தை மந்தையாகத் திரிகின்றன. வெளியிலிருந்து வந்த விலங்கு என்பதால், உரிமம் பெற்றவர் நில உரிமையாளரின் அனுமதியோடு ஆண்டின் எந்த நாளிலும் அதைச் சுடலாம், எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. அந்த மண்ணுக்கே உரிய வெள்ளைவால் மானின் நிலை வேறு. அது யாருடைய காட்டில் மேய்ந்தாலும் அம்மாநில மக்களின் பொதுச் சொத்து. காட்டுக்காரர் தம் நிலத்துக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கலாமே தவிர, மான் அவருக்குச் சொந்தமாகிவிடாது. உரிமமும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் அவரையும் கட்டுப்படுத்தும்.

முதிர்ந்த மானுக்காகக் காத்திருப்பது பெரிய கொம்புக்காக மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். கொம்பு ஒரு காரணம்தான். வெள்ளைவால் மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைப்பது, ஐந்தாறு வயதில்தான் அது முழு அளவை எட்டுகிறது. ஆனால் கண்ணில் பட்ட ஒன்றரை வயது ஆண்களையெல்லாம் சுட்டுக்கொண்டே போனால் மந்தையில் வளர்ந்த ஆண்களே இல்லாமல் போய்விடும் என்பது அதைவிடக் கனமான காரணம். ஆகவே சுடுவதற்கு முன் மானின் வயதை உடலைப் பார்த்தே கணிக்கப் பழகுகிறார்கள். இளம் ஆணின் கழுத்து மெலிந்தும் கால்கள் உடலுக்குப் பொருந்தாத நீளத்துடனும் தெரியும். முதிர்ந்த ஆணுக்கு இணைசேரும் பருவத்தில் கழுத்து தடித்து மார்போடு ஒன்றிவிடும், வயிறு தொங்கும், முதுகு சற்றே குழியும். கணிப்பு சரிதானா என்பது மான் விழுந்த பிறகு கீழ்த்தாடையைத் திறந்து பார்க்கும்போது தெரியும். மூன்றாவது முன்கடைவாய்ப் பல் மூன்று பிரிவாக இருந்தால் அது இன்னும் பால்பல், மானுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் அதிகம் ஆகியிராது. இரண்டு பிரிவுள்ள நிலைப்பல் வந்திருந்தால் அதைக் கடந்துவிட்டது. அதன்பின் கடைவாய்ப் பற்களின் வெண்ணிற மேற்பூச்சு தேயத் தேய உள்ளேயிருக்கும் பழுப்புப் பகுதி எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அதைக்கொண்டு வயது சொல்வார்கள். வயது ஏற ஏற இந்தக் கணக்கில் பிழையும் ஏறும்.

உங்கள் மகன் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. ஆண் மான்களைச் சுடுவதால் மந்தையின் எண்ணிக்கை குறைவதில்லை. ஓர் ஆண் பல பெண்களோடு இணையும் இனம் என்பதால், குறைக்க வேண்டுமானால் பெண் மான்களைத்தான் குறைக்க வேண்டும். நம் பழந்தமிழ் ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் பிரித்துச் சொல்லும். அந்தச் சொற்களில் சொன்னால், அங்கே காட்டைக் காப்பாற்றுவது கலையைச் சுடும் கை அன்று, பிணைகளைக் கணக்குப் பார்த்துக் குறைக்கும் கை. ஓநாய்கள் அழிந்துபோன அந்த நிலத்தில் மான் பெருகினால், வெள்ளாடு எட்டும் உயரம் வரை நம் வேலிமரங்கள் மொட்டையாகி நிற்பதைப் போல, காடு முழுவதும் மானின் வாய் எட்டும் உயரத்தில் கத்தரித்தாற்போல ஒரு கோடு விழுந்துவிடுகிறது. ஓக் மரக்கன்று ஒன்றுகூட அதைத் தாண்டி எழுவதில்லை. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியார் கையில் உள்ள மாநிலம் என்பதால், மானைக் கணக்கெடுத்து இந்தக் காட்டில் ஆண் இத்தனை, பெண் இத்தனை சுடலாம் என்று காட்டுக்காரருக்கே அனுமதிச் சீட்டு வழங்கும் திட்டம் ஒன்றையும் அம்மாநில வனவிலங்குத் துறை நடத்துகிறது. அந்தக் கணக்கை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் துப்பாக்கிதான்.

இனி உங்கள் தோப்புக்கு வருகிறேன். கூடாது என்பதே என் பதில். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. பட்டா நிலம், காப்புக்காடு என்ற வேறுபாடு அதில் இல்லை. சுடுவது மட்டுமல்லாமல் கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே, சிறைத் தண்டனைக்குரிய குற்றமே. சட்டத்தை விட்டு விலங்கை மட்டும் பார்த்தாலும் அவர்களுடைய முறை இங்கே பொருந்தாது. வெள்ளைவால் மான் இலையுதிர் காலத்தில் இணைசேர்வது, அங்கே வேட்டைப் பருவமும் அதையொட்டியே வருகிறது. புள்ளிமானுக்கு அப்படி ஒரே பருவம் கிடையாது. எந்த மாதத்தில் பார்த்தாலும் ஒன்றின் கொம்பு மென்தோல் போர்த்தியிருக்கும், இன்னொன்றின் கொம்பு காய்ந்து கடினமாகியிருக்கும், எந்த மாதத்திலும் ஏதோ ஒரு பிணை குட்டியோடு நிற்கும்.

கன்றுகள் போவதன் வலி எனக்குப் புரிகிறது. செம்புராங்கல் பூமியில் ஒரு முந்திரிக் கன்று வேர்பிடித்து நிற்க எத்தனை குடம் தண்ணீர் சுமக்க வேண்டும் என்பது நட்டவருக்குத்தான் தெரியும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கன்றைச் சுற்றி முள் அடையுங்கள், அல்லது நடவு செய்த பகுதிக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலை கட்டுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். மானுக்கு முன் உங்கள் வேலையாளே அதில் சிக்கக்கூடும். சூரிய மின்வேலி அமைப்பதானாலும் 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகளைப் பின்பற்றியே அமைக்க வேண்டும். சேதம் பெரிதென்றால் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

கோடையில் மான் உங்கள் தோப்புக்கு வருவது பெரும்பாலும் தண்ணீருக்காகத்தான். தோப்பில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் முதலில் அதற்குச் சுவர் எழுப்புங்கள். இரவில் நாய் துரத்தி ஓடிவரும் மான் அப்படிப்பட்ட கிணற்றில்தான் விழுகிறது. நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். அவர்கள் விட்டதோடு ஒப்பிட்டால் இந்தச் சுவர் பெரிய செலவில்லை.

மகன் தன் நண்பருடைய காட்டில் அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் எடுத்து, அங்கே கட்டாயமாக உள்ள பயிற்சியையும் முடித்து வேட்டைக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முகப்பில் இருக்கும் மான்தலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறக்கூடாது. அதை நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம், பழம்பொருள் என்று விற்பதும் குற்றம். ஐயா காலத்தில் அதற்கு உரிமைச் சான்று ஏதேனும் வாங்கியிருந்தார்களா என்று பெட்டகத்தில் உள்ள காகிதங்களைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அதன் நகலோடும், இல்லையென்றால் மான்தலையின் படத்தோடும் மாவட்ட வன அலுவலகத்துக்குச் சென்று விவரத்தை எழுதிக் கொடுங்கள். சான்று இருந்தும் இனி வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், அரசிடம் தாமாக ஒப்படைக்க 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்திருக்கிறது. தோப்பில் உதிர்ந்து கிடக்கும் கொம்பு கண்ணில் பட்டாலும் வீட்டுக்கு எடுத்துவராமல் அதே அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.