பிரேக் பிடித்தும் விமானம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: இயந்திரக் கோளாறு எதுவும் இல்லாத சிறிய விமானம் தரையிறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டிப் போவது ஏன்? நுவரெலியாவில் ஓடுபாதை அமைத்தால் இந்த ஆபத்து கூடுமா?

கூடும். ஆனால் அதற்கு முன் முதல் கேள்விக்கு வருகிறேன்.

நான் டிக்கோயாக்காரன். கீழ்நாட்டில் விமானம் ஓட்டப் பயின்ற காலத்தில், சக மாணவர் இறக்கிய விமானம் பாதை முடிந்து புல்லுக்குள் ஓடி நின்றது. பின் இருக்கையில் நான் இருந்தேன். யாருக்கும் கீறல்கூட இல்லை. தோட்டத்துத் தொழிற்சாலையில் லொறி ஓட்டிய அப்பா, செய்தி கேட்டதும் முதலில் விசாரித்தது இதைத்தான்: "ஏன் தம்பி, பிரேக் பிடிக்கவில்லையா?"

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. லொறியின் பாரம் எப்போதும் சக்கரத்தின் மேல் இருக்கும். விமானத்தையோ, தரையைத் தொட்ட பிறகும் இறக்கைகள் தூக்கிக்கொண்டே இருக்கும். வேகம் தணியாமல் சக்கரத்துக்குப் பாரம் வராது; பாரம் வராமல் பிரேக்கை மிதித்தால் டயர் வழுக்கும். மழைநீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். 25 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் சுமார் 45 நொட் (மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டர்) வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும்.

உண்மையில் தவறு வானத்திலேயே நடந்துவிடுகிறது. வேகம் சற்று அதிகமாக வந்தால் விமானம் தரைக்கு மேலே ஓரிரு முழத்தில் இறங்காமல் மிதக்கும். 60 நொட்டில் ஒவ்வொரு வினாடியும் 30 மீட்டர் பாதை வீணாகப் போகிறது. அப்போதே இயந்திரத்தை முடுக்கி மீண்டும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பிரச்சினை தீர்ந்தது. "இதோ தொட்டுவிடும்" என்ற பிடிவாதம்தான் பலரைப் புல்லுக்குள் தள்ளுகிறது.

(இந்த இடத்தில் சிலர் 1974இல் நோர்ட்டன்பிரிட்ஜ் அருகே 191 பேர் இறந்த விபத்தை இழுப்பார்கள். அது மலையில் மோதிய விமானம். இந்தக் கணக்கில் சேராது.)

இனி நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால், ஓரளவு வெயிலடிக்கும் நடுப்பகலில் வேகமானி 60 நொட் காட்டும்போது விமானம் உண்மையில் 67 நொட் அளவில் பறந்துகொண்டிருக்கும். நிற்பதற்குத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் பாதை வேண்டும்.

நீளமான பாதை போட்டுவிடலாம். என்னை உறுத்துவது மீண்டும் எழும்பும் வழிதான். அதே மெல்லிய காற்றில் சாதாரணச் சிறிய இயந்திரத்தின் வலுவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பக்கத்திலோ 2,524 மீட்டர் உயரப் பீதுருதாலகால மலை. எழும்பி விலகிப்போக ஒரு பள்ளத்தாக்கு திறந்திருக்காத இடத்தில், எவ்வளவு நீளமான பாதை போட்டாலும் நான் இறங்கச் சம்மதிக்க மாட்டேன்.