வீட்டில் செய்யும் காய்கறி நூடுல்ஸ் ஏன் எப்போதும் குழைந்துவிடுகிறது?

பெரும்பாலும் தவறு வேகவைக்கும்போதே நடந்துவிடுகிறது. நூடுல்ஸ் முக்கால் பதம் வெந்ததுமே வடித்துவிடுங்கள். மீதி வாணலிச் சூட்டில் வெந்துகொள்ளும். உடனே குளிர்ந்த நீரில் அலசினால் மேலே ஒட்டியிருக்கும் மாவுப்பசை போய்விடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறித் தட்டில் பரப்பி வையுங்கள்.

அடுத்தது தீ. கடை அடுப்பைப் போல வீட்டு அடுப்பில் தீ சீறாது. அதனால் நான்கு பேருக்கும் ஒரே தடவையில் செய்யாதீர்கள். வாணலி நிறைந்தால் சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு, வதங்குவதற்குப் பதில் அவியத் தொடங்கும். ஒரு தடவைக்கு 150 கிராம் நூடுல்ஸ் போதும், இரண்டு பேர் சாப்பிடலாம்.

இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், பூண்டு. அப்புறம் மெல்லிசாக நறுக்கிய கேரட், பீன்ஸ். ஒரு நிமிடம் கழித்து முட்டைகோஸ், குடைமிளகாய். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும், எனக்கு அதுதான் இந்த உணவின் உயிர். உப்பை முதலிலேயே போட்டால் காயிலிருந்து நீரை இழுத்துவிடும். சோயா சாஸிலேயே உப்பு நிறைய இருப்பதால், அதை ஊற்றி ருசி பார்த்தபிறகு தேவையென்றால் மட்டும் சேருங்கள்.

நூடுல்ஸைப் போட்டபின் கரண்டியால் கிண்டாமல் இரண்டு முள்கரண்டியால் தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். மிளகுத்தூள், வெங்காயத்தாள், சில சொட்டு வினிகர் சேர்த்து உடனே இறக்கிவிடலாம்.